மெதுவா வா

நாற்பது நிமிடம். யாராவது கேட்டால் சொல்லிவிடலாம். யாரும் கேட்கவில்லையே.

தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் சிக்னி ரொட்டிகளைப் பிளந்து, பன்றியிறைச்சித் துண்டுகளை வைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அப்பாவை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பியவர்கள் காகிதத் தட்டுகளோடு வரிசையில் நின்றார்கள். சுவரோரம் கோட்டு மாட்டும் கம்பி முழுக்க வேட்டைக்குப் போடும் ஆரஞ்சு நிறக் கோட்டுகள். வேட்டைப் பருவம் முடிய நாளை ஒரு நாள்தான் பாக்கி. சாப்பிட்ட கையோடு காட்டுக்குப் போகிற ஏற்பாட்டில்தான் ஆண்கள் வந்திருந்தார்கள்.

"உங்கப்பா குசும்பைப் பாத்தியா," என்றாள் பக்கத்துப் பண்ணை மார்லிஸ், காபிக் குடுவையை இறக்கி வைத்தபடி. "வருஷத்துல ஒம்பது நாள்தான் துப்பாக்கி தூக்கலாம். அதுக்குள்ள பாத்துப் போயிருக்காரு. பாதிரியார் ஜெபத்தைப் பாதியா சுருக்கிட்டாரே, கவனிச்சியா? அவருக்கும் காட்டுல ஒரு பரண் இருக்கில்ல."

சிக்னி சிரித்தாள். சிரிப்பு வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"பரண்ல உக்காந்தபடியே போனாரு. கொடுத்து வச்ச மனுஷன்." மார்லிஸ் அவள் தோளைத் தொட்டாள். "மாரடைப்புதானே. ஒரு நொடியில முடிஞ்சிருக்கும்மா."

காலையிலிருந்து எத்தனை பேர் இதைச் சொல்லிவிட்டார்கள். ஒரு நொடி.

அப்பாவைப் பரணிலிருந்து அழைத்து வருவது பதினாறு வருடங்களாக அவள் வேலை. வயலோரத்து ஓக் மரத்தில் ஏணியோடு கட்டிய பரண். பொழுது சாய்ந்தால் மான்கள் அதன் அடியிலேயே மேய வந்துவிடும். அந்நேரம் மனிதன் இறங்கினால் தொலைந்தது. ஒருமுறை பார்த்துவிட்ட மான் பிறகு அந்த மரத்தை அண்ணாந்து பார்க்காமல் வயலில் கால் வைக்காது. பண்ணை வண்டி என்றால் அவற்றுக்குப் பழக்கம். அவள் மெல்ல ஓட்டி வருவாள், மான்கள் ஒதுங்கிக் காட்டுக்குள் போகும், அப்பா இறங்கி வந்து ஏறிக்கொள்வார். மரத்தில் ஒருவர் இருந்தார் என்பதே அவற்றுக்குத் தெரியாது. இருட்டியதும் அவள் கைப்பேசிக்கு தினமும் ஒரே செய்தி வரும்: 'மான் நிக்குது. மெதுவா வா.'

செவ்வாய்க்கிழமை 'வா' என்று மட்டும் வந்தது. வெளிச்சம் இருக்கும்போதே, மூன்றே முக்காலுக்கு.

குளிர் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துத்தான் வண்டியை எடுத்தாள். வயல் கேட்டருகே வந்ததும் அதைப் பார்த்தாள். பரணுக்கு எண்பது அடி தள்ளி, பத்துக் கிளைக் கொம்போடு அந்தக் கலைமான். மூன்று பருவங்களாக அப்பாவை ஏமாற்றிக்கொண்டிருந்தது. 'மேயர்' என்று அதற்குப் பேர் வைத்திருந்தார். இப்போது வண்டியை உள்ளே விட்டால் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார். இன்ஜினை அணைத்தாள்.

சுடட்டும் என்று நாற்பது நிமிடம் காத்திருந்தாள். கண்ணாடியில் மூச்சு படியப் படியத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். பரணில் ஆரஞ்சுத் தொப்பி அசையவே இல்லை. இந்த மனுஷனுக்குத்தான் என்ன பொறுமை என்று பெருமையாகக்கூட இருந்தது. மேயர் நிதானமாக மேய்ந்தது, தலை தூக்கியது, மறுபடி மேய்ந்தது, பிறகு தானாகவே காட்டுக்குள் போனது. அதன் பிறகுதான் அவள் வண்டியைக் கிளப்பினாள்.

"மரத்தடிக்கு எத்தனை மணிக்கு வந்தீங்க?" என்றுதான் அன்று காவல் அதிகாரி கேட்டார். "நாலரைக்கு," என்றாள். அது உண்மைதான்.

"சிக்னி." அண்ணன் கர்ட்டிஸ் எதிரே நின்றான். மில்வாக்கி நகரத்திலிருந்து வந்தவன், கோட்டு சூட்டுக்குக் கீழே வேட்டை பூட்ஸ் போட்டிருந்தான். "ரெண்டு மணிக்கு நான் ஏறிடறேன்."

"எங்க?"

"அப்பா பரண்லதான். நேத்து எதிர்ப் பண்ணைக்காரங்க மேயரைப் பாத்தாங்களாம், அதே வயல்ல. அப்பாவுக்காக நான் அவனை வீழ்த்தணும்."

"பட்டணத்துக்காரன் குறி பாத்தா மேயர் நூறு வருஷம் இருப்பாரு," என்றாள் மார்லிஸ்.

கர்ட்டிஸ் அவளைக் கண்டுகொள்ளவில்லை. "நீ சாயங்காலம் வண்டியெடுத்துட்டு வந்துடு. மெசேஜ் போடறேன், அப்பா போடற மாதிரியே."

கத்தி ரொட்டியில் பாதியில் நின்றது. சொல்லிவிடலாம். இப்போது, இவனிடம், மார்லிஸ் கேட்கும்படி. அவள் வாய் திறந்தது. அவனுடைய கண்கள் அழுது வீங்கியிருந்தன.

"நான் வரலை," என்றாள்.

"என்ன விளையாடறியா? கீழ மான் நிக்கிறப்ப நான் எப்படி இறங்கறது?"

"ஏணியில."

"பாத்துடும் சிக்னி! அந்த மரத்துல ஆளு இருக்கறது தெரிஞ்சுபோச்சுன்னா அவ்வளவுதான், எல்லாம் கலைஞ்சு ஓடிடும். அப்பா இத்தனை வருஷமா ஒரு தடவைகூட..."

"தெரியும்."

"அஞ்சு நிமிஷ வேலைடி."

மார்லிஸ் காபி ஊற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். சிக்னி ஏப்ரன் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து அணைத்தாள். திரை கறுப்பானதும் அதை ரொட்டிக் கூடைக்குப் பின்னால் கவிழ்த்து வைத்தாள்.

"ஓடட்டும்," என்றபடி பாதியில் நின்ற ரொட்டியைப் பிளந்தாள்.