தெப்பத்தில் ஓடிய பெயர்ப் பலகை

எங்கள் கோயில் தெப்பத்துக்குப் பதினோரு வருடமாக ஒயரிங் செய்கிறவன் நான். சும்மாதான் செய்கிறேன். கோயிலில் டியூப்லைட் தொடங்கிக் குப்பைத்தொட்டி வரைக்கும் எவனெவன் பெயரோ ‘உபயம்’ என்று எழுதியிருக்கிறது. குமரகுரு என்ற என் பெயர் எங்கும் கிடையாது. “நீ போட்ட லைட்டுல ஊரான் பேர் எரியுது” என்று என் மனைவி கமலாட்சி குத்திக்காட்டாத திருவிழா இல்லை.

இந்த வருடம் என் பெரியப்பா மகன் சம்பந்தம், பட்டுக்கடை முதலாளி, தெப்பத்துக்கு நீரூற்று மோட்டாரும் எழுத்து ஓடுகிற எல்.இ.டி. பலகையும் வாங்கிக் கொடுத்தார். ஒரே வீட்டில் வளர்ந்தோம். அவர் கடை வைத்தார், நான் ஸ்குரூடிரைவர் பிடித்தேன்.

“பிரேக்கர் பெர்ஸா போடு குமரா, முப்பத்திரெண்டு. நடுக் கொளத்துல ஆஃப் ஆயி மானத்த வாங்கிடப்போவுது.”

“லைட்டுக்குப் பாத்து போடறதில்லண்ணா, ஒயருக்குப் பாத்து போடணும். இந்த ஒயருக்குப் பத்து ஆம்பியர்தான். பெர்ஸா போட்டா பிரேக்கர் விழுந்து கரண்ட நிறுத்தாது, ஒயர் எரியும். மேல சாமி இருக்குது, ஓதுவார் இருக்கறாரு.”

“நீ சொன்னா சரிதாம்பா.”

பத்து போட்டு வெள்ளோட்டம் பார்த்தோம். நீரூற்று ஜோராக எழும்பியது. பலகையில் தாத்தா பெயர், பெரியப்பா பெயர், கடைப் பெயர், மருமகள் பெயர் என்று ரயில் மாதிரி போய்க்கொண்டே இருந்தது. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. முழுசாகப் பார்க்கப் பொறுக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜெனரேட்டர் பக்கம் போய்விட்டேன்.

பொறாமைதான். இதில் மூடி மறைக்க என்ன இருக்கிறது? திருவிழாவன்று மதியம் பத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆறு ஆம்பியரை மாட்டினேன். மோட்டாருக்கும் பலகைக்கும் அந்த ஒரே பிரேக்கர்தான். மோட்டார் கிளம்பும்போது ஒரு இழுப்பு இழுக்கும். பத்து தாங்கும், ஆறு தாங்காது. யாருக்கும் ஆபத்தில்லை. அவர் பெயர் மட்டும் அணையும்.

சாயங்காலம் குளக்கரை முழுக்கக் கூட்டம். தெப்பம் நகர்ந்தது, பலகையில் தாத்தா பெயர் ஓடியது. நடுக்குளத்தில் அண்ணன் நீரூற்றைப் போட்டார். டப். பிரேக்கர் விழுந்து பலகையும் சேர்ந்து அணைந்தது. தெப்பத்திலேயே இருந்த நான் ஒன்றும் தெரியாதவன் போல மறுபடி தூக்கிவிட்டேன். தாத்தாவிலிருந்து ஆரம்பித்தது. மோட்டார் போட்டதும் டப். மூன்று சுற்றிலும் மருமகளைத் தாண்டவில்லை. கரையில் சிரித்தார்கள். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

தெப்பம் கரை சேர்ந்ததும் கத்துவார் என்று பார்த்தேன். அண்ணன் என் தோளைப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது.

“மன்னிச்சுக்கோ குமரா. பலகைக்காரன் உன் பேர கடசில போட்டுட்டான்.”

“எம் பேரா?”

“இன்னாபா, வெள்ளோட்டத்துல பாத்தியே! ‘பதினோரு வருசமா வெளக்கேத்துறவன் என் தம்பி குமரகுரு’ன்னு போடச் சொன்னேன். நீ பாத்துட்ட, ஊரு பாக்கலயேப்பா. கமலாட்சிகிட்ட கூட சொல்லி வெச்சிருந்தேன், கடசி வரி வர வரைக்கும் பாத்துக்கினே இரும்மான்னு.”

கரையில் கமலாட்சி இன்னமும் அணைந்த பலகையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். பத்து ஆம்பியர் பிரேக்கர் என் சட்டைப் பையில் இருந்தது.