ஏறாத மரத்து அக்கானி

தேவகனிக்குப் பொறுமை அற்றுப்போனது பிடியரிசிக் கலயத்தைப் பார்த்த அன்றைக்குத்தான்.

கஞ்சிக்கு அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒரு பிடியை ஆண்டவருக்கென்று தனிக் கலயத்தில் போட்டுவைப்பது அவர்கள் சபை வழக்கம். உபதேசியார் வந்து எடுத்துப்போவார். இப்போது அந்தக் கலயம் வாய்வரை நிறைந்திருந்தது. அரிசிப்பானையில் அடி தெரிந்தது. எல்லாம் அவள் புருஷன் ஏசுஅடிமை செய்த கூத்து. "ஏட்டி, எனக்குள்ள அரிசியையும் அதுலயே போடு" என்று பாயில் கிடந்தபடியே அதிகாரம். போடாவிட்டால் அழுகை. அத்தனை பெரிய ஆள் அழுவதைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை.

அவன் பனையேறி. பாளை நன்றாகச் சுரக்கும் பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சபைக் கோயில் மணி அடிக்கும் முன்னே யாரும் அறியாமல் ஏறி இறங்கிவிடலாம் என்று போனான். பாதி மரத்தில் காலில் போட்ட தளைநார் அறுந்தது. விழுந்ததில் இடுப்பெலும்பு விட்டுப்போனது. கட்டுப்போட்ட ஆசான், "நல்லா தின்னாத்தான் எலும்பு கூடும். இல்லேன்னா எழும்ப மாட்டான்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார். இவனோ தின்ன மாட்டேன் என்கிறான். ஓய்வுநாளைக் கெடுத்த பாவிக்கு நரகம்தானாம். பட்டினி கிடந்தும் அரிசி கொடுத்தும் கொஞ்சங் கொஞ்சமாகக் கழிக்கவேண்டுமாம்.

உபதேசியார் யேசுரத்தினம் வந்து கலயத்தைத் தூக்கினார். கனத்தில் கை தாழ்ந்தது. தேவகனி எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். அவர் பாயருகே உட்கார்ந்தார்.

"ஏசுஅடிமை, ரட்சிப்பு என்ன அரிசி அளந்து வாங்குத சரக்கா? செய்யவேண்டியத எல்லாம் அவரு சிலுவையில செஞ்சு முடிச்சாச்சு. நீ கைய நீட்டி வாங்கினா போரும். சும்மா குடுக்கது."

"சும்மா எவன் அய்யா தருவான்? மரத்துல ஏறாம கலயம் நெறையுமா?"

"பின்ன என்னத்துக்கு வீடுவீடா பிடியரிசி வாங்குதிய?" என்று தேவகனி இடையில் புகுந்தாள்.

"அது நன்றிக்குத் தாயே. விலைக்கு இல்ல."

"அப்போ எங்களுக்கு இவ்வளவு நன்றி வேண்டாம்" என்று அவள் கலயத்தை வாங்கிப் பாதியை அரிசிப்பானையில் கவிழ்த்தாள். உபதேசியார் மீதியைத் தம் பையில் கொட்டிக்கொண்டார். ஏசுஅடிமைதான், "ஏட்டி பாவி! கூட ரெண்டு பாவத்த எனக்கு ஏத்தி வைக்கியே!" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அன்றைக்கும் கஞ்சி ஆறிக் கிடந்தது.

மறு ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தவள், வாசலில் கலயத்தோடு நின்ற தாணுலிங்கத்தைப் பார்த்தாள். அடுத்த பனந்தோப்பு விளையில் ஏறுகிற பனையேறி, சபைக்காரன் அல்ல, தாணுமாலயன் சாமியைக் கும்பிடுகிறவன். ஒரு பனையேறி விழுந்துவிட்டால் அவன் எழும்பும்வரை பக்கத்து விளைக்காரன் அவன் பாளையையும் சீவிக் காப்பது அங்கே முறை. சீவாமல் விட்டால் பாளை வறண்டுவிடும். ஆனால் போன வருஷம் தாணுலிங்கம் காய்ச்சலில் கிடந்தபோது ஏசுஅடிமை மற்ற நாளெல்லாம் ஏறிவிட்டு, ஞாயிறு வந்ததும், "ஓய்வுநாள், ஏறமாட்டேன்" என்று இருந்துவிட்டான். பாளை வறண்டது. அதோடு இருவருக்கும் பேச்சும் நின்றது. அதனால்தான் இப்போது தாணுலிங்கம் அவனுக்குத் தெரியாமல் மரமேறி, சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய பதநீரை, அந்த அக்கானியை, விளையில் தேவகனி காய்ச்சும் அடுப்படியிலேயே ஊற்றிவிட்டுப் போய்க்கொண்டிருந்தான். ஞாயிறு அடுப்பு எரியாததால் அன்று வாசலுக்கே வந்திருந்தான்.

"இன்னைக்கு நீங்களே உள்ள வந்து குடுங்க" என்றாள் தேவகனி. "என்னால இந்த மனுசன்கூட மல்லுக்கட்ட முடியாது."

"ஓய், உசிரு கிடக்கா?" என்று கேட்டுக்கொண்டே தாணுலிங்கம் கலயத்தைப் பாயருகே வைத்தான்.

"இது யாரு மரத்து அக்கானி?"

"ஒம்ம மரத்துதான். நீரு விழுந்த அன்னைக்கு சாயந்தரம் தொட்டு நாந்தான் சீவுதேன்."

"ஞாயித்துக்கிழமையுமா?"

"பாளைக்கு ஞாயிறு தெரியுமா, ஓய்?"

ஏசுஅடிமையின் முகம் சுருங்கியது. "ஒம்ம பாளைய நான் காயவிட்டேன். எந்த மொகத்தோட இதக் குடிக்க? எடுத்துட்டுப் போம். எல்லாம் நீரே வச்சுக்கிடும்."

"நான் கேட்டனா?"

தேவகனிக்கு உச்சிவரை ஏறிவிட்டது.

"சும்மா எவன் தருவான்னு கேட்டியளே, இந்தா நிக்காரு ஒரு ஆளு! நீங்க ஏறினியளா? சீவினியளா? மல்லாந்துல்லா கிடந்திய! கலயம் நெறஞ்சு நிக்கு. குடிச்சாக் குடிங்க, இல்லேன்னா தலையில கவுத்திருவேன். அந்த ஆண்டவரும் இப்பிடித்தான் ஏந்திக்கிட்டுக் கை கடுக்க நிக்காரா இருக்கும், ஒங்கள மாதிரி ஆளுவளுக்கு முன்னால!"

தாணுலிங்கம் கூரையைப் பார்த்தான். ஏசுஅடிமை கலயத்தையே பார்த்துக் கிடந்தான். பிறகு கையை நீட்டினான். படுத்தபடி எட்டாததால் தாணுலிங்கமே கலயத்தைத் தூக்கிப் பிடித்தான். பாதிவரை குடித்துவிட்டு, கண்ணையும் வாயையும் சேர்த்துத் துடைத்துக்கொண்டான்.

"சுண்ணாம்பு கூடிப்போச்சு, ஓய்."

"தர்மத்துக்குக் கிடைச்சதுல குத்தம் வேறயா?" என்று தாணுலிங்கம் சிரித்தான்.

தேவகனி அடுப்பங்கரைக்குப் போனாள். பிடியரிசிக் கலயத்தில் ஒரே ஒரு பிடி போட்டாள். அவனுக்குள்ளதையும் சேர்த்து உலையில் இட்டாள். பாயிலிருந்து மறுப்பு வரவில்லை. கொஞ்சம் கழித்துச் சத்தம் மட்டும் வந்தது.

"ஏட்டி, கஞ்சி தண்ணியா இருக்கப்பிடாது."

"அடங்கிக் கெடங்க!" என்று கத்திவிட்டு, அவள் இன்னொரு கை அரிசியை உலையில் போட்டாள்.