சின்ன வழி, பெரிய வழி

பிளம்பரும் அவர் மனைவியும் கல்யாணமான நாளிலிருந்து ஒரு விஷயத்திலாவது ஒத்துப்போனதாகச் சரித்திரம் இல்லை. அவருக்குக் கணையத்தில் புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்த பிறகாவது சண்டை ஓயும் என்று நினைத்தவர்கள் ஏமாந்துபோனார்கள். அதை எந்த வழியில் வெட்டி எடுப்பது என்று இருவரும் புதிதாக ஒரு சண்டையைத் தொடங்கிவிட்டார்கள்.

அறுவை செய்யப்போகிற டாக்டரம்மா பொறுமைசாலி. படம் வரைந்து காட்டினார்.

"கணையத்தோட தலைப் பக்கம் கட்டி. அதோட சேர்த்து சிறுகுடலோட முதல் வளைவு, பித்தப்பை, பித்தக்குழாயோட நுனி எல்லாத்தையும் எடுக்கணும். அப்புறம் மிச்சக் கணையம், பித்தக்குழாய், இரைப்பை, மூணையும் குடலோட சேர்த்துத் தைக்கணும்."

"மூணு ஜாயிண்ட்," என்றார் பிளம்பர். "ஒழுகுமா?"

"கணையத்து ஜாயிண்ட் ஒழுகலாம். எங்களுக்கும் அதுதான் பயம்."

வழிகளையும் சொன்னார். "வயித்தை நீளமா தொறந்து செய்யறது ஒண்ணு. சின்னச் சின்னத் துளை போட்டு, கேமரா விட்டுச் செய்யறது இன்னொண்ணு. துளைன்னா பெரிய காயம் இருக்காது, எழுந்து நடக்கறது கொஞ்சம் சுலபம். ஆனா நேரம் கூடப் பிடிக்கும். பக்கத்துலயே பெரிய ரத்தக்குழாய் ஓடுது. கட்டி அதுல ஒட்டியிருந்தா, தொறந்து கை வச்சுச் செய்யறதுதான் எனக்குத் தைரியம். எப்படிப் போனாலும் உள்ளே வேலை ஒண்ணுதான், பகல் பூரா ஆகும்."

மூன்றாவதாகவும் ஒன்று சொன்னார். முதலில் கேமராவை மட்டும் விட்டு ஒரு சுற்றுப் பார்ப்போம், வேறெங்கும் பரவவில்லை என்றால்தான் மேற்கொண்டு வேலை என்றார். அது இருவர் காதிலும் ஏறவில்லை. அதற்குள் பிளம்பர் "துளைதான்" என்றும் அவள் "தொறந்துதான்" என்றும் ஆரம்பித்துவிட்டார்கள்.

"ஊரார் வீட்டுச் செவுத்தையெல்லாம் 'உடைக்காம லீக்கைக் கண்டுபிடிக்க முடியாது'ன்னு சொல்லி உடைச்சீங்க. உங்க வயிறுன்னதும் துளை போதுமாக்கும்?"

"செவுத்துக்கு வலிக்குமா, சூப்பர்வைசரம்மா?"

அது அவர் அவளுக்கு வைத்த பெயர். அவர் எதைச் செய்தாலும் பின்னாலேயே நின்று குறை கண்டுபிடிப்பவள் என்பதால் வைத்தது. அவளும் அந்தப் பெயருக்குக் குறை வைத்ததில்லை. டிவி பார்த்துக்கொண்டே வயிற்றை வெட்டுகிற சமாசாரத்தில் அவளுக்கு நம்பிக்கை இல்லை. கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, வேரோடு எடுக்கட்டும் என்பது அவள் கட்சி.

அவர் பிடிவாதத்துக்குக் காரணம் அவளுக்குத் தெரியாமல் இல்லை. அவருடைய அண்ணனுக்கும் வயிற்றில் கட்டிதான். "தொறந்து பார்த்துட்டு மூடிட்டாங்க" என்று அன்றைக்குச் சொந்தக்காரர்கள் வாய்க்கு வாய் சொன்னார்கள். அந்த மனுஷன் சாகும்வரை அந்த நீளத் தையலைத் தடவிக்கொண்டு, இவ்வளவு கிழித்தும் ஒன்றையும் எடுக்கவில்லையே என்று கேட்டுக்கொண்டிருந்தார். அதிலிருந்து இவருக்குத் திறப்பது என்றாலே மூடுவது என்றுதான் அர்த்தம்.

அவர்களுக்குக் கொடுத்த அறையின் ஜன்னல் ஒரு பள்ளிக்கூடத்தைப் பார்த்து இருந்தது. பத்தரை மணி வாக்கில் மணி அடித்ததும் பிள்ளைகளின் கூச்சல் அறைக்குள் வந்து விழும். "இன்டர்வெல் விட்டுட்டாங்க," என்பார் அவர், மஞ்சள் பூத்த கண்ணைத் திறக்காமலே. "பாரு, ஒருத்தனும் தண்ணி டேப்பை மூடமாட்டான்."

கடைசியில் அவர் கட்சிதான் ஜெயித்தது. ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா, துளையில் தொடங்குவோம், தேவைப்பட்டால் திறப்போம் என்று சொல்லிவிட்டார். அறுவைக்குக் குறித்த நாள் காலை ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி அவர் விரலை ஆட்டினார்.

"சின்ன வழி. ஞாபகம் வச்சுக்கோ."

"போயிட்டு வாங்க. வந்ததும் பேசிக்கலாம்," என்றாள்.

ஒரு மணி நேரம் போனதும், சாயங்காலம்வரை உட்கார வேண்டியிருக்குமே என்று தன் தம்பியை டீ வாங்க அனுப்பினாள். அவன் டீயோடு திரும்புவதற்குள் டாக்டரம்மா வெளியே வந்துவிட்டார்.

"என்ன டாக்டர், எதையாவது மறந்துட்டீங்களா?"

டாக்டரம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "கேமரா விட்டுப் பார்த்தோம்மா. கல்லீரல் மேல, வயித்தோட உள்சவ்வு மேல, புள்ளி புள்ளியா இருக்கு. ஒண்ணை எடுத்து உடனே சோதிச்சாச்சு. பரவிடுச்சு. இனிமே கட்டியை எடுத்தா அவருக்குக் கஷ்டம்தான் மிஞ்சும். அதனால எதையும் எடுக்கல."

"துளை வழியாவே எடுத்துடுங்களேன். நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"வழியில என்னம்மா இருக்கு இதுல," என்றார் டாக்டரம்மா மெதுவாக. மருந்து கொடுத்துக் கொஞ்ச காலம் தள்ளலாம் என்றார். மயக்கம் முழுசாகத் தெளியட்டும், சாயங்காலம் தானே வந்து அவரிடம் சொல்வதாகவும் சொன்னார்.

அவள் துளைக்கு எதிராகப் பேசிய ஒவ்வொரு பேச்சும் இப்போது அவள் நெஞ்சில் வந்து குத்தியது. ஏதோ அவள் சண்டை போட்டதால்தான் அந்த வழி அடைபட்டுப்போன மாதிரி. சாயங்காலம்வரையாவது அவர் நிம்மதியாக இருக்கட்டும் என்று நினைத்தாள். அவரைக் கொண்டுவருவதற்கு முன் அறைக்கு ஓடி, ஜன்னல் திரையை இழுத்து மூடி, விளக்கைப் போட்டாள். வெளியில் காலை வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. தம்பியை உள்ளே வராதே என்று சொல்லிவிட்டாள்.

அரைமயக்கத்தில் கண் விழித்தவரின் கை முதலில் போர்வைக்குள்தான் போயிற்று. வயிற்றைத் தடவியது. ஒரு சின்ன பிளாஸ்திரி தட்டுப்பட்டது. தள்ளி இன்னொன்று. நீளமான கட்டு எங்கேயும் இல்லை. அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க அவளால் முடியவில்லை.

"தொறக்கலையா?"

"தொறக்கல." அந்த ஒரு வார்த்தையில் மட்டும் பொய் இல்லை.

"சின்ன வழியிலயே முடிச்சுட்டாங்க பாத்தியா! யாரு ஜெயிச்சது? வாயைத் தொறந்து சொல்லு."

"நீங்கதான்."

அவர் புருவம் லேசாகச் சுருங்கியது. "மணி என்ன?"

"சாயங்காலம் ஆயிடுச்சு. பேசாம தூங்குங்க."

அப்போது பள்ளிக்கூடத்தில் அந்தப் பத்தரை மணி அடித்தது. கதவு திறந்துவிட்டாற்போலப் பிள்ளைகளின் கூச்சல் திரையைத் தாண்டி உள்ளே வந்தது. அவர் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்டர்வெல் விட்டுட்டாங்க," என்றார்.

டேப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கை இன்னும் வயிற்றின் மேலேயே இருந்தது.

"அதானே பார்த்தேன்," என்றார். "நீயாவது, தோக்கறதாவது."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.