இறுகிய என்ஜின்

மதியம் இரண்டு மணிக்கு ஹேண்டில் சுற்றியது.

வீட்டில் வேறு யாரும் இல்லை. கொட்டகையைப் பெருக்கப் போனவள், துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு, டிராக்டரின் முன்னால் என்ஜினைச் சுற்றிக் கிளப்பும் ஹேண்டிலில் சும்மா கை வைத்தாள். மாதக்கணக்காக அசையாத என்ஜின். தள்ளியதும் வழுக்கிக்கொண்டு ஒரு சுற்று சுற்றியது. என்ஜின் மேலே இருந்த ஓட்டையிலிருந்து டீசல் தெறித்துக் கன்னத்தில் பட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள். சந்தோஷம் வரவில்லை. எதுவும் வந்தே நாளாகிவிட்டது.

பெரிய மகன் இறந்த பிறகு அந்த வீட்டில் ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு நேரத்தில் சாப்பாடு. கணவர்தான் பழைய டிராக்டர் ஒன்றை இழுத்து வந்தார். "இருக்குற குப்பை போதாதா?" என்று கேட்டதோடு அவள் விட்டுவிட்டாள். பிறகு மகள் துரு சுரண்ட வந்தாள். கொழுந்தன் வெல்டிங் மிஷினோடு வந்தான். ஒருநாள் அவளும் மட்கார்டுக்குச் சிவப்பு அடித்தாள். வண்டி ஓடியது, விற்றார்கள். அடுத்ததும் அப்படியே. இது மூன்றாவது. வாங்கப்போகிறவர் அடிக்கடி போன் செய்கிறார்.

"இதோட சரி. இனிமே என் முட்டி தாங்காது" என்று கணவர் சொல்லியிருந்தார்.

பிஸ்டன் இளகட்டும் என்று சிலிண்டருக்குள் டீசல் ஊற்றி ஊறவைத்திருந்தார்கள். தினமும் மாலையில் மூன்று பேரும் ஹேண்டிலைத் தள்ளிப் பார்ப்பார்கள். அவள் தள்ளுவதில்லை, டீ ஊற்றுவாள். அசையவில்லை என்றதும் எல்லோரும் அங்கேயே உட்கார்ந்து குடிப்பார்கள். அந்த வீட்டில் பேச்சு என்று ஒன்று நடப்பது அப்போதுதான்.

சுற்றிவிட்டது என்று சொன்னால் டிராக்டர் போய்விடும். பேச்சும் போய்விடும். அவள் சொல்லவில்லை. ஆனால் யார் தள்ளினாலும் தெரிந்துவிடுமே என்று நினைத்தபடி அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.

மாலையில் முதலில் மகள் தள்ளினாள். பல்லைக் கடித்தாள். அசையவில்லை.

"தள்ளி நில்லும்மா, பயில்வான் வர்றேன்" என்றான் கொழுந்தன்.

"போன வாரம் இடுப்பு பிடிச்சிக்கிட்டுப் படுத்த பயில்வானா, சித்தப்பா?"

அவன் முக்கினான், முனகினான். அசையவில்லை.

மறுபடி இறுகிவிட்டதா? அவள் அவன் கையைப் பார்த்தாள். முகம் சிவந்திருந்தது. கையில் ஒரு நரம்புகூடப் புடைக்கவில்லை.

கணவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை ஊன்றினார். நெடுநேரம் முக்கினார்.

"ம்ஹூம். கல்லு மாதிரி இருக்கு." யார் முகத்தையும் அவர் பார்க்கவில்லை.

"அண்ணி, அதிசயமா நீங்களும் ஒரு கை பாருங்களேன்."

அவள் பிடித்தாள். ஹேண்டில் லேசாகத்தான் இருந்தது. சுற்றிவிடாமல் நிறுத்திப் பிடிப்பதுதான் சிரமமாக இருந்தது. மற்ற மூன்று பேரும் இந்தச் சிரமத்தைத்தான் பட்டிருக்கிறார்கள். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை.

"அசையல" என்றாள்.

டீயை ஊற்றிக் கொடுத்தாள். மகள் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

"இன்னும் எத்தனை நாள்ப்பா ஊறணும்?"