மூன்று பிரதி

எங்கள் வீட்டு ரவுட்டரை மாற்ற வேண்டும் என்று என் மனைவி சொல்ல ஆரம்பித்து மூன்று வருடமாகிறது. நான் மாற்றாமல் இருந்ததற்குக் காரணம் பிடிவாதம் இல்லை. சரி, பிடிவாதம்தான். ஒன்பது வருடம் உழைத்த ஒன்றை, கொஞ்சம் மூச்சு வாங்குகிறது என்பதற்காகத் தூக்கிப் போட்டுவிட முடியுமா? இந்தக் கேள்வியை நான் கேட்கும்போதெல்லாம் அவள், "முடியும்" என்பாள்.

மூச்சு கொஞ்சமல்ல, நிறையவே வாங்கியது. இரண்டு ஆன்டெனாக் கொம்புகளில் ஒன்று உடைந்து கறுப்பு டேப்பில் தொங்கியது. மதியம் சூடேறினால் விளக்குகள் மொத்தமாக அணைந்து, பிறகு ஒவ்வொன்றாகக் கண் விழிக்கும். அதற்கென்றே ஒரு மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். வீட்டு மனிதர்களுக்குக் கிடைக்காத காற்று அதற்குக் கிடைத்தது. மனைவி பாடப்புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பவள். அலுவலகக் கூட்டம் என்றால் லேப்டாப்பைக் கையில் ஏந்தி சமையலறை வாசலில் நின்றபடியே பேசுவாள், ஏனென்றால் அங்கேதான் சிக்னல் ஒழுங்காக வரும்.

ரவுட்டருக்குப் பக்கத்தில் பேக்கப் பெட்டி. வீட்டிலுள்ள எல்லாக் கணினிகளும் தினமும் தங்கள் கோப்புகளை ரவுட்டர் வழியாக அந்தப் பெட்டிக்கு அனுப்பிவிடும். பெட்டியில் இருப்பதை ஞாயிறுதோறும் ஒரு டிஸ்க்கில் நகலெடுத்து என் வேலையிடத்து அலமாரியில் பூட்டி வைப்பேன். ஆக, கணினியில் ஒன்று, பெட்டியில் ஒன்று, அலமாரியில் ஒன்று. நான் லிஃப்ட் மெக்கானிக். ஒரே கயிற்றில் லிஃப்டைத் தொங்கவிடும் பழக்கம் எங்கள் தொழிலில் கிடையாது. வீட்டுக்கு யார் வந்தாலும், அவர்கள் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் இந்த மூன்று பிரதிப் பெருமையைச் சொல்லி முடித்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை என் மகளின் கணினி உயிரை விட்டது. அவளுக்குப் பதினேழு வயது, எனக்கு இன்னும் பாப்பாதான். இரண்டு வருடமாகக் களிமண்ணில் பொம்மை செய்து, இம்மி இம்மியாக நகர்த்தி, ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு போட்டோ எடுத்து, பதினான்கு நிமிடப் படம் ஒன்று பண்ணிக்கொண்டிருந்தாள். பத்தாயிரம் போட்டோ. அத்தனையும் அந்தக் கணினியில். கணினிக் கடை வைத்திருக்கும் என் மச்சான், மனைவியின் தம்பி, திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"டிஸ்க் போச்சு அத்தான். ஒண்ணும் எடுக்க முடியாது."

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். "போனா போகட்டும்டா. பெட்டி எதுக்கு இருக்கு? பாப்பா, ஞாயித்துக்கிழமை உன் படம் உன் கையில."

பாப்பா என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், "சரிப்பா" என்றாள். அழவில்லை. என் மேல் எவ்வளவு நம்பிக்கை என்று நினைத்து எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

ஞாயிறுவரை தள்ளிப்போட்டதற்குக் காரணம் உண்டு. அவ்வளவு போட்டோவைப் பழைய ரவுட்டர் வழியாக இழுத்தால் ஒரு வாரம் திணறும். அதனால் புது ரவுட்டரும் புதுப் பெட்டியும் வாங்கிவிடலாம் என்று நானே சொன்னேன். மனைவி கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள். சொன்னேன். அவள் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்தபோது, மூன்று வருடம் முன்பே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று எனக்கே தோன்றியது.

ஞாயிறு காலை வீடு களைகட்டியது. மச்சான் ஏணிமேல், நான் கீழே. பழைய ரவுட்டரைக் கழற்றியபோது சுவரில் அதன் அளவுக்கு வெள்ளையாக ஒரு சதுரம் தெரிந்தது. புதியதை மாட்டி, மின்சாரம் கொடுத்து, பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தோம். மனைவி போனைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகக் கிளம்பினாள்.

"படுக்கையறையில வருதுங்க."

"வரும், வரும்."

"பால்கனியிலயும் வருது."

பிறகு குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து, "இங்கயும் முழுசா வருதுங்க. ஆனா இங்க எனக்கு மீட்டிங் எதுவும் இல்ல" என்று குரல் வந்தது. மச்சான் சிரித்த சிரிப்பில் ஏணி ஆடியது. பாப்பா மூன்று அறைகளிலும் மூன்று பாட்டுகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டுப் பார்த்தாள். ஒன்றும் திக்கவில்லை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. "அடுத்து படம்" என்று கையைத் தேய்த்துக்கொண்டு பழைய பெட்டியைப் புது ரவுட்டரில் இணைத்து, மேசைக்கு முன்னால் உட்கார்ந்தேன். பாப்பாவின் பெயரைத் திறந்தேன். பள்ளிக் குறிப்புகள் இருந்தன. பழைய பிறந்தநாள் போட்டோக்கள் இருந்தன. 'களிமண்' என்ற கோப்புறை இல்லை.

தேடினேன். மறுபடி தேடினேன். பிறகு, 'பேக்கப் எடுக்க வேண்டாதவை' என்ற பட்டியலைத் திறந்தேன். அதில் ஒரே ஒரு வரி இருந்தது. களிமண்.

போன வருடம் ஒருநாள் பெட்டி நிரம்பிவிட்டதாக எச்சரிக்கை வந்திருந்தது. எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே. "யாரு இப்படி ஒரே பொம்மைய ஆயிரம் போட்டோ எடுத்து ரொப்பறது" என்று வீடு அதிரக் கத்திவிட்டு, அந்தக் கோப்புறையை நீக்கி இந்தப் பட்டியலில் போட்டவன் நான்தான். கோபம் இறங்கியதும் மறந்தே போனேன். அலமாரியில் பூட்டிய டிஸ்க்கும் இந்தப் பெட்டியின் நகல்தானே. பெட்டியில் இல்லாதது அதில் மட்டும் எங்கிருந்து வரும்? என் மூன்று பிரதியில் அவள் படம் ஒரு பிரதிகூட இல்லை. இரண்டு வருட உழைப்பை நானே என் கையால் அழித்துவிட்டேன்.

"என்னப்பா, வந்துடுச்சா?" பாப்பா பின்னால் வந்து நின்றாள்.

"வரும்மா. பெரிசு இல்லையா, நேரம் எடுக்கும்."

பொய். மச்சானிடம் ஸ்க்ரூ டிரைவரை வாங்கி, ஏற்கெனவே இறுக்கிய திருகையே மறுபடி இறுக்கினேன். பெட்டி பழுதாகிவிட்டது என்று சொல்லலாமா என்று பார்த்தேன். அதுவும் ரவுட்டரைப் போல ஒன்பது வருடப் பழசு, எல்லாரும் நம்புவார்கள், பழியும் அதோடு போய்விடும். ஆனால் வெள்ளிக்கிழமை அவள் "சரிப்பா" என்றது காதிலேயே இருந்தது. அந்தக் குழந்தையிடம் எப்படிப் பொய் சொல்ல முடியும்?

ஸ்க்ரூ டிரைவரை மேசைமேல் வைத்தேன்.

"எல்லாரும் கொஞ்சம் வாங்க" என்றேன். வந்தார்கள். "படம் பெட்டியில இல்ல பாப்பா. பெட்டி மேல தப்பு இல்ல. போன வருஷம் கோவத்துல நான்தான் உன் ஃபோல்டர எடுத்துட்டேன். அதுக்கப்புறம் ஒரு தடவ கூட அங்க காப்பி ஆகல. தப்பு முழுக்க என்னோடது. மன்னிச்சுக்கோம்மா."

மச்சான் தலையைத் திருப்பிக்கொண்டு சுவரில் அந்த வெள்ளைச் சதுரம் இருந்த இடத்தைப் பார்த்தான். மனைவி எழுந்து உள்ளே போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். தையல் மெஷின் டிராயர் திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவள் ஒரு சின்ன டிஸ்க்கை என் முன்னால் வைத்தாள். அதன்மேல் சிவப்புப் பேனாவில், வேலையில் அவள் எழுதுகிற அதே குண்டு எழுத்தில், 'பாப்பா படம், வியாழக்கிழமை வரை' என்று எழுதியிருந்தது.

"என்ன இது?"

"நாலாவது பிரதி" என்றாள். "மெய்ப்புப் பாக்கறவ நான். யார் சரின்னு சொன்னாலும் ஒருதரம் நானே பாத்தாத்தான் நம்புவேன்."

மச்சான் தொண்டையைச் செருமினான். "என் கடைலயும் ஒண்ணு இருக்கு அத்தான்."

"உங்க எல்லாருக்கும் தெரியுமா?"

"நீங்க எடுத்த மறுநாளே பாத்துட்டேன்பா" என்றாள் பாப்பா. "எல்லா ஃபோல்டருக்கும் பச்சை டிக் இருந்துச்சு, என்னோடதுல மட்டும் இல்ல."

"அப்பவே எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

அவள் அம்மாவைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துச் சொன்னாள். "சொன்னா கத்துவீங்க. அப்புறம் நீங்களே வருத்தப்பட்டு ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசமாட்டீங்க. படம் போனாக்கூட மறுபடி எடுத்துக்கலாம்பா. அந்த ரெண்டு நாள்தான் கஷ்டம்."

அறை வாங்கியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. படம் கிடைத்துவிட்ட சந்தோஷம் ஒரு கண்ணில், இது ஒரு கண்ணில். இரண்டு கண்ணும் நிறைந்துவிட்டது.

"வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கலாம்" என்றாள் மனைவி. "நீங்களா சொல்றீங்களான்னு பாக்கணும்னு இருந்துச்சு. ஸ்க்ரூவ ரெண்டாவது தடவ இறுக்கினப்போ கொஞ்சம் பயந்துட்டேன்."

"நானும்தான்" என்றேன். எல்லாரும் சிரித்தோம். எனக்குத்தான் சிரிப்பை நிறுத்த முடியவில்லை.

புதுப் பெட்டியைப் பாப்பாவே அமைத்தாள். வீட்டிலுள்ள மூன்று பேரும் ஒப்புதல் கொடுக்காமல் எதையும் பேக்கப்பிலிருந்து நீக்க முடியாதபடி செய்தாள். பத்தாயிரம் போட்டோவும் டீ ஆறுவதற்குள் ஏறிவிட்டது. பிறகு நாலு பேரும் படத்தைப் பார்த்தோம். ஏழாவது மாடியில் நின்றுபோன லிஃப்டில் நான்கு களிமண் மனிதர்கள். கதவுக்கு வெளியே மெக்கானிக் ஒருவர் கையை ஆட்டி ஆட்டிக் கத்துகிறார். சத்தம் மட்டும் இல்லை.

"இதுக்கு இன்னும் குரல் போடலப்பா" என்றாள் பாப்பா. "ரொம்ப நாளா உங்களக் கேக்கணும்னுதான் இருந்தேன். கேக்க பயம்." மைக்கை என் பக்கம் நகர்த்தினாள். "கத்துங்க. வீட்டுல கத்தற மாதிரியே வேணும்."

மூன்று பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் மூச்சை இழுத்தேன், கையை ஓங்கினேன், முகத்தைச் சுளித்தேன். ஆறு தடவை முயன்றோம். ஆறு தடவையும் சிரிப்புத்தான் பதிவானது.

கடைசியில் அந்த மெக்கானிக்கைச் சிரிக்கிற ஆளாக மாற்றிவிட்டாள். அதற்காக இருநூறு போட்டோ புதிதாக எடுக்க வேண்டியிருந்தது. பொம்மையின் வாயை நான்தான் திருத்திக் கொடுத்தேன்.