எடை மேடையில் பவளம்

“குதிரை எவ்வளவு எடை இருக்கும்?”

“நானூத்தி அம்பது கிலோங்க மேடம்.”

“ஜீப் எவ்வளவு இழுக்கும்?”

“ஆயிரத்து நானூறுங்க. வண்டியோட ஆர்.சி. புக்குலயே போட்டுருக்குது. கணக்குப் பாத்தா இன்னும் ரெண்டு குதிரை ஏத்தலாம்.”

பிரேக் இன்ஸ்பெக்டர் கயல்விழி ஜீப்புக்குப் பின்னால் நின்ற டிரெய்லரைச் சுற்றி வந்தார். நாமக்கல் போகும் சாலையில் காலை பத்து மணிக்கே வெயில் ஏறியிருந்தது.

“நான் குதிரையைக் கேக்கல. குதிரை நிக்கிற பெட்டியைக் கேக்கறேன். அதைக் காத்துலயா செஞ்சீங்க?”

டிரெய்லரைக் கட்டிய தீர்த்தகிரிக்குக் கோபம் வந்துவிட்டது. “காத்துலங்களா? பதினாறு சக்கர லாரிக்குப் பாடி கட்டுற கைங்க இது. அடியில ஆறு இஞ்சி இரும்புச் சேனலு, மேல செக்கர் தகடு. அகலம் ஏழடி. இருவது டன்னு ஏத்தினாலும் முனகாது.”

“இருபது டன் ஏத்தப் போறீங்களா?”

“இல்லீங்க. ஒரு குதிரைதானுங்க.”

“அப்ப இருபது டன்னுக்கு எதுக்குக் கட்டுனீங்க?”

“எனக்குத் தெரிஞ்சது அதுதானுங்களே.”

ஜீப்பின் ஓட்டுநர் இருக்கையில் இருந்து கோகிலவாணி இறங்கி வந்தாள். டிரெய்லரில் நிற்கும் பவளம் அவளுடையது. கல்யாண ஊர்வலங்களுக்குப் போகும் வெள்ளைக் குதிரை, இப்போது நிறைமாதம். போன தடவை மினி லாரியில் ஏற்றும்போது சறுக்கி விழுந்து, வயிற்றில் இருந்த குட்டி செத்துப் பிறந்தது. அதனால்தான் தாழ்வான ஏறுபலகை வைத்து அண்ணன் தீர்த்தகிரியிடம் இந்த டிரெய்லரைக் கட்டச் சொன்னாள். பிரசவத்துக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. முன்கூட்டியே கால்நடை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடுவதற்காக எருமப்பட்டியில் இருந்து சற்று முன்புதான் கிளம்பியிருந்தார்கள்.

“மேடம், இந்தக் குட்டியாவது உசுரோட பொறக்கணுமுங்க. உட்டுருங்க, மெதுவாப் போயிக்கறேன்.”

“அதுக்காகத்தாம்மா நிறுத்தறேன். நீங்க பிரேக் அடிச்சா ஜீப் நிக்கும். பின்னால வர்றது நிக்காது, ஜீப்பைத் தள்ளிக்கிட்டுப் போகும். பெட்டியும் குதிரையும் சேர்ந்துதான் ஆயிரத்து நானூறுக்குள்ள இருக்கணும். வாங்க, எடை போட்டுப் பார்க்கலாம்.”

கூப்பிடு தூரத்தில் ஒரு எடை மேடை இருந்தது. சோளமும் தீவனமும் ஏற்றிய லாரிகள் வந்து எடை போட்டுப் போகும் இடம். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து சென்னியம்மாள் மைக்கில் பேசுவார். அவர் பேசுவது சாலைக்கே கேட்கும். ஜீப்பைக் கழற்றி அப்பால் நிறுத்திவிட்டு டிரெய்லரை மட்டும் மேடையில் விட்டார்கள். அறைக்கு மேலே சிவப்பு எண்கள் ஓடி நின்றன.

“ஆயிரத்து நானூத்தி எம்பது,” என்றது ஒலிபெருக்கி. “என்னங்க லோடு?”

“குதிரைங்க,” என்றான் தீர்த்தகிரி.

“சீட்டுல குதிரைன்னு அடிக்க வராது. தீவனம், முட்டை, கல்லு, மணலு. இதுல ஒண்ணு சொல்லுங்கோ.”

“எண்பது கிலோ அதிகம்,” என்றார் கயல்விழி. “குறைச்சாத்தான் ஜீப்புல மாட்ட விடுவேன்.”

புல்லுக்கட்டை இறக்கினார்கள். தண்ணீர் டிரம்மை இறக்கினார்கள். ஸ்டெப்னியைக் கழற்றினார்கள். ஆயிரத்து நானூற்று நாற்பது. அதற்குமேல் இறக்க ஒன்றும் இல்லை.

பின்னால் மூன்று லாரிகள் சேர்ந்துவிட்டன. முதல் லாரிக்காரன் முருகானந்தம் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான்.

“ஏனுங்ணா, லாடத்தைக் கழட்டிப் பாக்கறது?”

“நாலு லாடமும் சேந்து ஒண்ணரைக் கிலோ வராது, போவியா.”

“சாணி போட்டாக் கொறையுமுங்க.”

“போட்டாலும் மேடை மேலதான கெடக்கும்,” என்றது ஒலிபெருக்கி. “போட்டவங்களே அள்ளோணும், இப்பவே சொல்லிப்போட்டேன்.”

“அண்ணா, அந்தத் தகட்டுல பாதியை அறுத்து எடுத்துப்போடுங்களே,” என்றாள் கோகிலவாணி.

“அறுக்கறதா? உள்ள குதிரையை வெச்சுக்கிட்டு நெருப்புப் பொறி பறக்க அறுக்கச் சொல்றயா அம்மிணி?”

“அப்ப எறக்கி நடத்திக் கூட்டிப் போயிர்றேன்.”

“பதினஞ்சு கிலோமீட்டரா? நிறைமாசத்துல?” என்றார் கயல்விழி. “அதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன்.”

“ஏத்தவும் கூடாது, எறக்கவும் கூடாதுன்னா எப்படீங்க மேடம்?”

அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது.

“பத்துக் கிலோ கொறஞ்சிருச்சுங்க.”

எல்லோரும் நிமிர்ந்தார்கள். எண்கள் ஆயிரத்து நானூற்று முப்பது என்று காட்டின.

“எதை எடுத்தீங்க?” என்று கயல்விழி தீர்த்தகிரியைப் பிடித்துக்கொண்டார்.

“நான் கையே வெக்கலீங்க!”

“தொடாம எப்படிக் குறையும்? என் கண்ணு முன்னாலயே ஏமாத்தறீங்களா?”

“சத்தியமா இல்லீங்க மேடம். வேணும்னா சட்டையை உதறிக் காட்டறேன்.”

கோகிலவாணி கீழே பார்த்தாள். டிரெய்லரில் இருந்து வழிந்த நீர் இரும்பு மேடையில் ஓடி, ஓரத்துச் சந்து வழியாகக் குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

“அய்யோ, பனிக்குடம் ஒடஞ்சிருச்சு.”

அவள் கதவைத் திறந்து உள்ளே ஏறி மறுபடியும் சாத்திக்கொண்டாள். எண்கள் அறுபது கூடின.

“இறங்குங்கம்மா, உங்க எடையும் சேருது!”

“சேந்தாச் சேரட்டுமுங்க! டாக்டருக்குப் போனைப் போடுங்க!”

கயல்விழி போனைப் போட்டார். டாக்டர் கிளம்பிவிட்டதாகவும், முக்கால் மணி நேரம் ஆகும் என்றும், டிரெய்லரை அசைக்க வேண்டாம் என்றும் சொன்னார்.

“எப்படி அசைக்கிறது? தொண்ணூறு கிலோ அதிகமா இருக்கு,” என்றார் கயல்விழி போனுக்குள்.

உள்ளே பவளம் படுத்தது, எண்கள் துள்ளின. முனகல் கேட்டது. கோகிலவாணி “சாமி, சாமி, இன்னுங் கொஞ்சம்” என்று சொல்வதும் கேட்டது. கால் மணி நேரம் போனது.

“பொறந்துருச்சு! பொட்டக்குட்டி!”

லாரிக்காரர்கள் கைதட்டினார்கள். சென்னியம்மாள் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“குட்டி பொறந்துமா எடை ஏறலே?”

“உள்ள இருந்ததுதானுங்க வெளிய வந்துருக்குது,” என்றான் முருகானந்தம்.

“அதுஞ் செரிதான்.”

“எந்திரிச்சுதா அம்மிணி?” என்று தீர்த்தகிரி கதவோரம் நின்று கேட்டான்.

“இல்லீங்ணா. கெடக்குது. எந்திரிச்சு சீம்பாலு குடிச்சாத்தான் பொழைக்கும்.”

“இதுல ஜன்னல் எங்க?” என்றார் கயல்விழி.

“வெக்கலீங்க. லோடு எதுக்குங்க வேடிக்கை பாக்கோணும்?”

அதனால் வெளியே இருந்தவர்களுக்குப் பார்க்கக் கிடைத்தது எண்கள் மட்டும்தான். குட்டி எழ முயன்றபோது அவை ஆடின. விழுந்தபோது ஒரேயடியாக ஏறி இறங்கின. ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூறு, ஐந்நூற்றுப் பத்து, நானூற்று எழுபது. ஒவ்வொரு தடவையும் லாரிக்காரர்கள் “ப்ச்” என்றார்கள். தீர்த்தகிரி டயரில் ஏறி மேலே உள்ள இடைவெளி வழியாக எட்டிப் பார்க்கப் போனான்.

“ஏறாதீங்கோ! நம்பரு கொழம்புது!” என்று ஒலிபெருக்கி அதட்டியது.

புதிதாக வந்து நின்ற நான்காவது லாரிக்காரன் பொறுமை இழந்து ஹார்ன் அடித்தான். உள்ளே பவளம் மிரண்டு தகட்டை உதைத்தது. கயல்விழி விடுவிடுவென்று வரிசையின் முன்னால் போய் நின்றார்.

“யாரு அடிச்சது? மேடையில சுமை அசையறப்போ இன்னொரு வண்டிக்கு எடை போடக் கூடாது. நம்பர் நிக்கணும். அதுவரைக்கும் ஒரு வண்டி நகரக் கூடாது.”

“எப்ப மேடம் நிக்கும்?”

“அந்தக் குட்டியைக் கேளு.”

இருபது நிமிடமாக நிற்காத எண்கள் அப்புறம் நின்றன. ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூறு. கொஞ்சம் கூட அசையவில்லை.

எண் நின்றால் இரண்டில் ஒன்று. குட்டி நான்கு காலில் நிற்கிறது. இல்லாவிட்டால் எழவே முடியாமல் ஓய்ந்துவிட்டது. முருகானந்தம் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான். கயல்விழி உதட்டைக் கடித்தபடி சிவப்பு எண்களையே பார்த்தார்.

“அம்மிணி,” என்றான் தீர்த்தகிரி.

கதவுச் சந்தில் காதை வைத்தான்.

“அம்மிணி, என்ன ஆச்சு?”

“சத்தம் போடாதீங்ணா,” என்று உள்ளிருந்து மெல்ல வந்தது. “நிக்குது. குடிக்குது.”

தீர்த்தகிரி மேடையின் விளிம்பிலேயே உட்காரப் போனான். கயல்விழி அவன் சட்டையைப் பிடித்து இழுத்து மண்ணில் உட்கார வைத்தார்.

“அப்ப எப்பங்க மேடம் கட்டி இழுத்துக்கிட்டுப் போலாம்?”

“எங்க இழுக்கிறது? தொண்ணூறு கிலோ இன்னும் அதிகமாத்தான் இருக்கு. டாக்டர் வர்ற வரைக்கும் இந்த டிரெய்லர் இங்க இருந்து ஒரு இஞ்ச் நகரக் கூடாது. அது நல்லாக் குடிக்கட்டும்.”

சென்னியம்மாள் மைக்கை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு, தன்னால் முடிந்த அளவு ரகசியமாகச் சொன்னார். சாலை முழுக்கக் கேட்டது.

“எல்லாரும் எஞ்சினை அமத்துங்கோ.”

முருகானந்தம் முதலில் அமர்த்தினான். வரிசையின் கடைசி வரைக்கும் லாரிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.