எலுமிச்சையில் வெந்த மீன்

வார்டில் எனக்கு மட்டும்தான் தூக்கம் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வலது விலாவுக்குக் கீழே தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். நிஜமாகவே வலிக்கிறதா, பயத்தில் வலிக்கிற மாதிரி இருக்கிறதா, தெரியவில்லை.

அப்பா சந்தையில் ஆற்று மீன் வெட்டி விற்பவர். "புதுசுதானா?" என்று யாராவது மூக்கைச் சுளித்தால் வாதாட மாட்டார். வயிற்றுச் சதையில் மெல்லிசாக ஒரு துண்டு சீவி, எலுமிச்சம்பழம் பிழிந்து, உப்புத் தொட்டு வாயில் போட்டுக்கொள்வார். பள்ளி விட்டு நான் கடையில் இருந்தால் இன்னொரு துண்டு எனக்கு.

"என் பொண்ணுக்கே குடுக்கிறேன், பாத்துக்குங்க!"

அதற்கு மேல் யார் பேசுவார்கள்? பக்கத்துக் கடைக்காரர்கள் எனக்கு வைத்த பெயர் பூனை. சாறு பட்டதும் சதை வெளுத்துவிடும். வெந்துவிட்டது என்றுதான் நாங்கள் நம்பினோம். அம்மாவுக்கு மட்டும் சொல்லக்கூடாது. பச்சை மீன் என்றாலே அவளுக்குக் குமட்டும்.

மழைக்காலத்தில் அப்பாவுக்குக் குளிர்காய்ச்சல் வந்து கண் மஞ்சளானது. தெருமுனை டாக்டர் கொடுத்த மாத்திரையில் இறங்கிவிட்டது. கத்தியைத் தீட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். இந்த வாரம் மறுபடியும் அதே மஞ்சள், அதே நடுக்கம். பித்தக் குழாய் அடைத்துக் கிடந்ததாம். வாய் வழியாகக் குழாய் விட்டுத் திறந்தார்கள். சீழோடு தட்டையாக, இலைத் துணுக்கு மாதிரி புழுக்கள் வந்தன.

சாயங்காலம் டாக்டரம்மா விளக்கினார். "மீன்ல இருந்து வந்த புழு. குழாய்க்குள்ள ஒட்டிக்கிட்டுப் புண்ணாக்கும், பித்தம் தேங்கும். தேங்கின இடத்துல கிருமி பெருகும். சில கிருமிய புழுவே சுமந்துட்டு வரும். போன தடவை கிருமிக்கு மட்டும்தான் மருந்து சாப்பிட்டிருக்கீங்க. புழுங்கிற வீட்டுக்காரன் உள்ள இருக்கிற வரைக்கும் விருந்தாளி வந்துட்டேதான் இருப்பான்."

"எலுமிச்ச பிழிஞ்சுதான் டாக்டர் சாப்பிட்டேன்."

"புழுவுக்கு அது சர்பத்து. அடுப்புல வேகணும்." சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார். "புழுவும் கிருமியும் சேர்ந்து வருஷக்கணக்கா புண்ணாக்கினா, பின்னாடி புற்றுநோயாகூட மாறலாம். வீட்ல வேற யாராவது பச்சையா சாப்பிட்டாங்களா?"

அப்பா என் பக்கமே திரும்பவில்லை. "இல்ல டாக்டர். நான் மட்டும்தான்."

கட்டில் ஓரத்தில் அம்மா நின்றிருந்தாள். நானும் வாயைத் திறக்கவில்லை.

விளக்கு அணைந்த பிறகு அப்பாவின் காதருகே போனேன். அம்மா கீழே பாயில் படுத்திருந்தாள்.

"ஏன்பா பொய் சொன்னீங்க?"

"உங்கம்மா இருந்தாளேடா. குழாய் விட்டும் பொழச்சவன் அவகிட்ட பொழைப்பனா?" சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "உனக்கு என்ன, காய்ச்சலா மஞ்சளா? ஒண்ணுமில்லியே."

"மழைக்கு முன்னாடி உங்களுக்கும் ஒண்ணுமில்லியே."

ஊசி ஏறாத கையால் என் விரலைப் பிடித்துக்கொண்டார். "காலையில நானே சொல்லிடறேன்."

அப்பாவின் 'காலையில' எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். கூரை ஒழுகல் இன்னும் அந்தக் காலைக்குத்தான் காத்திருக்கிறது. எழுந்து நர்ஸ் மேஜைக்குப் போனேன்.

"சிஸ்டர், நானும் சாப்பிட்டிருக்கேன். அப்பாவோட. நிறைய தடவை." அதற்குள் அழுதுவிட்டேன்.

"அழாதம்மா. காலையில மலம் டெஸ்டுக்குக் குடு. புழு இருந்தா அதுக்கு மாத்திரை இருக்கு. சீக்கிரம் தெரிஞ்சா நல்லதுதானே." இழுப்பறையிலிருந்து மூடி போட்ட டப்பா ஒன்றை எடுத்தார்.

"ரெண்டா குடுங்க சிஸ்டர்."

பின்னால் அம்மா, முடி கலைந்து நின்றிருந்தாள்.

"என்னடி முழிக்கிற? அப்பனும் மகளும் மட்டும்தான் நாக்கோட பொறந்தீங்களா? ராத்திரி கடையக் கழுவுறது யாரு? நீங்க சீவித் தட்டுல மீந்த துண்டெல்லாம் எங்க போச்சுன்னு நெனச்சீங்க?"

"உனக்குக் குமட்டுமேம்மா!"

"குமட்டுச்சு, முதல் துண்டுக்கு." அம்மாவின் குரல் தாழ்ந்தது. "அவரு 'நான் மட்டும்தான்'னு சொன்னப்ப நானும் கம்முனு நின்னேன் பாரு. எனக்கும் பயம்தான்டி."

இப்போது ஜன்னல் விளிம்பில் டப்பாக்கள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அம்மா என்னோடு பாயில் படுத்திருக்கிறாள். தூங்குகிற மாதிரிதான் தெரிகிறது. ஆனால் அவள் கையும் வலது விலாவுக்குக் கீழேதான் இருக்கிறது.